நாலு கம்பி, ஆறு கம்பிக்குத் தம்பியா?



கல்லூரி விழாவுக்கு நாலு நாள் முன்பு சங்க அறையில் நடந்த ஒத்திகையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். "மெக்கானிக்கல் பையன் ஒருத்தன் பொம்மை கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வந்து பாட்டையே கெடுத்துட்டான்" என்று கேன்டீன் வரை பேச்சு பரவியது. அந்தப் பையன் அடியேன்தான். பாட்டைக் கெடுத்தது உண்மை. பொம்மை என்றது பொய். இந்த இரண்டையும் எழுதத்தான் மலர்க் குழுவிடம் கெஞ்சி இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கிட்டார் வாசித்தவர் இறுதியாண்டு அண்ணன் ஒருவர். பாட்டில் மொத்தமே நாலு கார்டு: ஜி, டி, ஈ மைனர், சி. (கார்டு என்றால் என்னவென்று கேட்கும் நண்பர்களுக்கு: மூன்று, நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவதுதான் கார்டு. அதற்காக இடது கை விரல்கள் கம்பிகளை அழுத்தும் அமைப்பை 'ஷேப்' என்போம்.) என் கையில் இருந்தது யுகுலேலே. நாலே கம்பி. பழைய சாமான் கடையில் வாங்கியது. சொல்லித்தர ஆள் கிடையாது. அதனால் அண்ணன் கையைப் பார்த்தேன். கிட்டாரை மடியில் வைத்தால் தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய நாலு கம்பிகளில் அவர் விரல் எங்கே இருக்கிறதோ, அதே இடத்தில் என் நாலு கம்பியிலும் வைத்தேன். விடுதி அறையில் தனியாக வாசித்தபோது பாட்டு கச்சிதமாக வந்தது. பக்கத்து அறைக்காரன் வந்து கூடவே பாடினான்! அந்தத் தைரியத்தில்தான் ஒத்திகைக்குப் போனேன்.

இருவரும் சேர்ந்து வாசித்ததும் சந்தைக்கடை ஆகிவிட்டது. பாடிக்கொண்டிருந்த முதலாண்டுத் தங்கை பாதியில் நிறுத்திவிட்டு யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் விழித்தார்.

"டேய், நீ வேற பாட்டு வாசிக்கிறியா?"

"இல்லண்ணே, உங்க கையப் பாத்துத்தான் வாசிக்கிறேன்."

அறை முழுக்கச் சிரிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தனார். அவருக்கு யாரும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தவில்லை, மேஸ்திரி கையைப் பார்த்துத்தான் தொழில் கற்றார். எனவே என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ, "கையப் பாத்தது சரிடா. அவரு எங்க நின்னு வேலை பாக்குறாருன்னு பாத்தியா? சாரத்து மேல நிக்கிறவன் இடுப்பு உயரமும் தரையில நிக்கிறவன் இடுப்பு உயரமும் ஒண்ணா?" என்றார். கிட்டாரையே தொட்டுப் பார்த்திராத மனிதர், ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் குழம்பிக் கிடந்த கணக்கு அது.

எப்படி என்று சொல்கிறேன். விரல் வைக்காமல் விட்ட கிட்டார் கம்பிகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதில் கடைசி நாலை மட்டும் எடுங்கள்: டி, ஜி, பி, ஈ. டி-யிலிருந்து ஜி-க்கு ஐந்து அரை ஸ்வரம். ஜி-யிலிருந்து பி-க்கு நாலு. பி-யிலிருந்து ஈ-க்கு மறுபடி ஐந்து. இப்போது யுகுலேலே: ஜி, சி, ஈ, ஏ. எண்ணிப் பாருங்கள். ஐந்து, நாலு, ஐந்து. படிகள் அதே படிகள்தான். ஆனால் மொத்தப் படிக்கட்டும் ஐந்து அரை ஸ்வரம் மேலே கட்டப்பட்டிருக்கிறது. அப்பா சொன்ன சாரம் இதுதான்! விரல் எவ்வளவு உயர்த்துகிறது என்பது இரண்டிலும் ஒன்று. எந்தத் தளத்திலிருந்து உயர்த்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே அண்ணன் ஜி-க்கு வைத்த விரல் (மெல்லிய நாலு கம்பியில் 0003) என்னிடம் சி ஆகிவிட்டது. அவருடைய டி (0232) எனக்கு ஜி. அவருடைய ஈ மைனர் (2000) எனக்கு ஏ மைனர். அவருடைய சி (2010) எனக்கு எஃப். இந்த எண்கள் எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட்டில் விரல் என்பதைக் காட்டும். 0 என்றால் விரல் வைக்காத கம்பி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், அவர் 5 கட்டையில் வாசித்தார், நான் 1 கட்டையில் வாசித்தேன். அவருடைய 'ச' எங்கே இருந்ததோ, அதன் சுத்த மத்யமத்தில் என்னுடைய 'ச' உட்கார்ந்திருந்தது. தனியாக வாசித்தபோது பாட்டு சரியாக வந்ததன் ரகசியமும் இதுதான். ஒரே பாட்டை ஒருவர் 5 கட்டையில் பாடலாம், ஒருவர் 1 கட்டையில் பாடலாம். இருவரும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் பாடினால்தான் அடிதடி.

இது தெரிந்த பிறகு கார்டு படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கிட்டாரின் ஏ (2220) யுகுலேலேயின் டி. கிட்டாரின் ஏ மைனர் (2210) இங்கே டி மைனர். ஈ (2100) இங்கே ஏ. டி மைனர் (0231) இங்கே ஜி மைனர். டி 7 (0212) இங்கே ஜி 7. பி 7 (1202) இங்கே ஈ 7. இரண்டு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இரண்டு படத்தாள் வாங்கி, செமஸ்டருக்கு முந்தின இரவு போல உருப்போடுகிறோமே, எதற்கு? ஒன்றைக் கற்றவன் மற்றதற்கு ஐந்து அரை ஸ்வரம் எண்ணினால் போதும். ஜி, ஜி ஷார்ப், ஏ, ஏ ஷார்ப், பி, சி. விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். விஷயம் புரிந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேப்போவை எடுத்து ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டினார். கேப்போ என்பது எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப். முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் சோனாமீட்டரின் பாலத்தை நகர்த்தி நீளத்தைக் குறைத்தோமே, அதேதான். 65 செ.மீ. கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால், 2-இன் 5/12 அடுக்கு, அதாவது 1.335 ஆல் வகுத்து, 48.7 செ.மீ. மிஞ்சும். மாட்டியதும் அவர் ஷேப்பும் என் ஷேப்பும் ஒன்றாகிவிட்டன, ஒலியும் ஒன்றாகிவிட்டது. அறையே அமைதியானது. ஆனால் பாட வேண்டிய தங்கை, "அண்ணா, இவ்ளோ மேல எனக்கு வராது" என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே! வாத்தியத்துக்காகக் குரலை மாற்ற முடியுமா? கேப்போ கழன்றது. ஜி, டி, ஈ மைனர், சி ஆகியவற்றை யுகுலேலேயில் அதே சுருதியில் கொண்டுவர எனக்கு வேண்டியவை கிட்டார்காரர்கள் டி, ஏ, பி மைனர், ஜி என்று சொல்லும் ஷேப்புகள்: 0232, 2220, 0432, 0003. இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். விழாவில் வாசித்தேன். கைதட்டல் பெரும்பாலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். விழா முடிந்த பிறகு நடந்த பொதுக்குழுவில் சங்க நிதியில் வாத்தியம் வாங்கும் பேச்சு வந்தது. ஒரு கிட்டாரோடு இரண்டு யுகுலேலேயும் வாங்கலாமே என்றேன். "காசு குடுத்துப் பொம்மையா வாங்குறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. தீர்மானம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடப்பட்டது. இந்தச் சிரிப்புக்குத்தான் என் பதில்.

யுகுலேலே கிட்டாரை வெட்டிச் சுருக்கிச் செய்ததல்ல. 1879 ஆகஸ்டு 23 அன்று ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த 400-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் அவர்களில் அடக்கம். பிறகு ஹொனலூலுவில் பட்டறை போட்டவர்கள் இவர்கள். தங்கள் ஊர் 'மஷெத்தே' என்ற சிறிய வாத்தியத்தின் உடலையும், 'ரஜாவோ' என்ற ஐந்து கம்பி வாத்தியத்தின் நாலு கம்பிச் சுருதியையும் சேர்த்து உருவானதுதான் யுகுலேலே. அரசர் கலாகௌவா அதைத் தம் அரண்மனை விருந்துகளிலேயே வாசிக்க வைத்தார். தோட்டக் கூலியாகக் கப்பலேறிய கைகள் செய்த வாத்தியம், அரசவையில் உட்கார்ந்தது. பொம்மையாம்!

1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் அமெரிக்கர்கள் இதைக் கேட்டு மயங்கினார்கள். 1920-களில் அங்கே அச்சான பாட்டுத் தாள்களில் வரிகளுக்கு மேலே யுகுலேலே ஷேப் படங்கள் வந்தன. மே சிங்கி பிரீன் என்ற பெண்மணி அப்படி ஏராளமான தாள்களுக்குக் கார்டு அமைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் சுருதி ஜி, சி, ஈ, ஏ அல்ல. ஏ, டி, எஃப் ஷார்ப், பி. எல்லாமே ஒரு முழு ஸ்வரம் மேலே. படிகள் மட்டும் அதே ஐந்து, நாலு, ஐந்து! எனவே 0003 என்ற ஷேப் அங்கே டி. பாரிட்டோன் என்ற பெரிய யுகுலேலேயை எடுத்தால் அதன் சுருதியே டி, ஜி, பி, ஈ. அதில் 0003 கிட்டாரைப் போலவே ஜி. ஒரே விரல் அமைப்புக்கு மூன்று பெயர். பெயர் ஷேப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, கம்பியின் சுருதியில்தான் இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தம்பி, தம்பி என்கிறார்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிட்டாருக்கே நாலு வரிசைக் கம்பிதான். பாரிஸில் அத்ரியான் லெ ருவா 1551 முதல் அச்சிட்டு வெளியிட்ட கிட்டார் புத்தகங்கள் இந்த நாலு வரிசைக் கிட்டாருக்கானவை. அதன் படிகளும் ஐந்து, நாலு, ஐந்து. ஐந்தாவது வரிசையும் ஆறாவதும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. எது அண்ணன், எது தம்பி என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. யுகுலேலேக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக இரண்டும் ஒன்றே என்று சாதிக்க மாட்டேன். 'யுகுலேலே கிட்டாருக்கு முதல் படி' என்று சில கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. இடது கை பழகியது கிட்டாருக்குப் போகும். வலது கை மொத்தமாக ஏமாந்து போகும். கிட்டாரில் முகத்துக்குப் பக்கத்திலுள்ள கம்பிதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒலி, 82.4 ஹெர்ட்ஸ். கட்டைவிரல் அதைத் தட்டித்தான் பாட்டுக்கு அஸ்திவாரம் போடும். யுகுலேலேயில் அதே இடத்திலுள்ள நாலாவது கம்பி ஜி, 392 ஹெர்ட்ஸ். பக்கத்துக் கம்பி சி 261.6, அடுத்தது ஈ 329.6, கடைசி ஏ 440. அதாவது மேல் கம்பி தாழ்ந்ததே அல்ல, கடைசிக் கம்பிக்கு அடுத்தபடியாக உயர்ந்தது! கேப்போ போட்ட கிட்டாரில் இந்தக் கம்பி 196 ஹெர்ட்ஸ்தான் தரும், சரியாகப் பாதி. மற்ற மூன்று கம்பியும் அச்சாகப் பொருந்தும். இந்த ஒரு கம்பிதான் யுகுலேலேக்கு அந்தக் கலகலப்பான குணத்தைத் தருகிறது. ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி நிற்காமல் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நிற்கும். விரும்பினால் தடித்த கம்பி மாட்டி 196-க்கும் இறக்கலாம், 'லோ ஜி' என்பார்கள். நான் மாட்டிப் பார்த்தேன், திரும்பக் கழற்றிவிட்டேன். கிட்டாருடைய வேலையைக் கிட்டார் செய்யட்டும்.

யுகுலேலேயின் அடித்தளம் நடு சி-யோடு நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே பாதாளம் கிடையாது. தனி ஒருவன் பெரிய மேடையை நிரப்ப வேண்டுமென்றால் கிட்டார்தான் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஹவாயின் இஸ்ரேல் கமகாவிவோஓலே ஒரே குரலும் ஒரே யுகுலேலேயுமாகப் பாடி 1993-இல் வெளிவந்த பதிவை, அவர் 1997-இல் மறைந்த பின்னும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. சங்க அறையில் செல்போனில் கேட்டுப் பார்த்தோம். அன்று பின்வரிசையிலிருந்து சத்தம் வரவில்லை.

என் வழக்கின் முக்கியமான சாட்சி எங்கள் விடுதியில் இருக்கிறான். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முதலாண்டில் ஆசை ஆசையாக ஒரு கிட்டார் வகுப்பில் சேர்ந்தான். ஜி வந்தது, சி வந்தது. எஃப் வந்த இடத்தில் நின்றுவிட்டான். கிட்டாரின் எஃப் (133211) ஒரு விரலைப் படுக்க வைத்து ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய கார்டு. எஃகுக் கம்பி வேறு. இரண்டு மாதம் முயன்றான், 'டப் டப்' என்ற சத்தம்தான் வந்தது. சொல்லித்தந்தவர், "உனக்குச் சங்கீதக் கை இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். எங்களைப் போன்றவர்களுக்கு இது சுலபம். வீட்டில் மறுத்துச் சொல்ல, 'அப்படியெல்லாம் இல்லடா' என்று சொல்ல, இதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை.

என் யுகுலேலேயை அவன் கையில் கொடுத்து எஃப் போடச் சொன்னேன். 2010. இரண்டு விரல். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அப்புறம்தான் சொன்னேன், 'இது உன் கிட்டார் சி-தான்டா' என்று. அவனைச் சிரமப்படுத்திய எஃப் ஷேப் (மெல்லிய நாலில் 3211) இங்கே பி ஃப்ளாட் என்ற பெயரில் காத்திருக்கிறது. நைலான் கம்பி, நாலே கம்பி என்பதால் வலி குறைவு, அவ்வளவுதான். கஷ்டம் காணாமல் போகவில்லை, வேறு பெயருள்ள கார்டுக்கு இடம் மாறியிருக்கிறது. யுகுலேலேயின் ஈ (4442) இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அது கிட்டார்காரர்களை அழ வைக்கும் பி-யேதான்.

சிறியதாக இருப்பதிலும் கஷ்டம் உண்டு. 65 செ.மீ. கம்பியில் முதல் ஃப்ரெட் 3.6 செ.மீ. அகலம். 34 செ.மீ. நீளமுள்ள சோப்ரானோ யுகுலேலேயில் அது 1.9 தான். 2220-க்கு மூன்று விரலை அந்த இடுக்கில் நுழைக்க வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துத் தடித்த விரல்களுக்கு இடம் போதாது. நான் ஒரே விரலைப் படுக்க வைத்துச் சமாளிக்கிறேன்.

இப்போது சங்கத்திடம் என் கோரிக்கை. கடையில் விசாரித்த வரையில், ஒரு சாதாரண கிட்டார் விலைக்கு இரண்டு சாதாரண சோப்ரானோ வாங்கிவிடலாம். கிட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்டார் ஒன்று, யுகுலேலே இரண்டு என்று வாங்கினால் ஒரே மாலையில் மூன்று பேர் உட்காரலாம். இன்றைக்கு ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறோம்.

வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. சங்க அறைப் பாட்டு நோட்டில் கார்டுகள் கிட்டார் பெயரில் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குப் பதில் எண் போடலாம். பாட்டின் 'ச' எங்கே இருக்கிறதோ அந்தக் கார்டு 1, அங்கிருந்து ஸ்வர வரிசைப்படி 2, 3, 4 என்று போகும். நாங்கள் சண்டை போட்ட ஜி, டி, ஈ மைனர், சி என்பது 1, 5, 6, 4. நான் தவறாக வாசித்த சி, ஜி, ஏ மைனர், எஃப் என்பதும் 1, 5, 6, 4! எண்ணில் எழுதியிருந்தால் முதல் கேள்வியே 'எந்தச் சுருதியில் பாடப் போறீங்க?' என்பதாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இதுவரை பதினொரு பாட்டுக்கு எண் போட்டு, பக்கத்தில் கிட்டார் ஷேப், யுகுலேலே ஷேப் இரண்டையும் எழுதிவிட்டேன். மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. நோட்டு சங்க அறை அலமாரியில், கேரம் போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ஏழாவது பாட்டில் ஒரு கார்டு எனக்கே சந்தேகம், காது கூர்மையாக உள்ள யாராவது பார்த்துத் திருத்துங்கள்.